வெட்டுப்பட்ட விரலும் வீட்டுக் கவனிப்பும்

தமிழ்நாட்டு வீடுகளில் விரல் வெட்டுக்குப் பழைய காரணங்கள் இரண்டு: கதிர் அறுக்கும் கருக்கரிவாள், காய் நறுக்கும் அரிவாள்மனை. கதிர் அறுப்பவர் இடக்கையால் தாளைக் கொத்தாகப் பிடித்து, வலக்கை அரிவாளைத் தன் பக்கம் இழுக்கிறார். பிடி நழுவினால் வெட்டு விழுவது பெரும்பாலும் இடக்கைச் சுண்டுவிரலில். அரிவாள்மனையில் அலகு அசைவதில்லை. கைதான் காயைப் பிடித்துக்கொண்டு அலகை நோக்கிப் போகிறது. அதனால் வெட்டு விரலின் உட்புறச் சதையில் இறங்குகிறது. கரும்பாலை, மாட்டுத் தீவனம் வெட்டும் எந்திரம், விசைத்தறி, பட்டறை, மின்சார மிக்சி ஆகியவை பின்னால் வந்து சேர்ந்தன.

கருவி எதுவானாலும் காயம் ஆறிய இடம் வீடுதான். மருத்துவரிடம் போனவர்கள்கூட அங்கே சில நாழிகை இருந்துவிட்டு, ஆறும் காலம் முழுவதையும் வீட்டில் கழித்தார்கள். ஆகவே விரல் வெட்டு ஆறிய வரலாறு பெருமளவுக்கு வீட்டுக் கவனிப்பின் வரலாறு. முதலில் வீடு காயத்துக்குக் காவல் இருந்தது. பிறகு கையில் கிடைத்ததை வைத்து இரத்தத்தை நிறுத்தியது. பிறகு காயத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளக் கற்றது. கடைசியாக, ஆறிவரும் விரலை அசைக்கவும் கற்றுக்கொண்டது.

காவல் காத்த வீடு

காயம்பட்டவரை வீட்டில் வைத்துப் பேணியதற்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று புறநானூற்றின் 281ஆம் பாட்டு. அரிசில் கிழார் பாடியது. போரில் புண்பட்டு வீடு திரும்பிய வீரனை மனைவியும் தோழியும் காக்கும் முறையை அது விவரிக்கிறது. வீட்டில் இரவ மரத் தழையும் வேப்பிலையும் செருகுகிறார்கள், வெண்கடுகைத் தூவுகிறார்கள், மை இடுகிறார்கள், யாழும் பிற கருவிகளும் ஒலிக்கின்றன, மணியடித்துக் காஞ்சிப் பண் பாடுகிறார்கள், வீடெங்கும் நறும்புகை எழுப்புகிறார்கள். புண்பட்டவனைப் பேய் அண்டாமல் காப்பது நோக்கம். தொல்காப்பியம் இந்த நிலைமைக்குக் காஞ்சித் திணையில் ஒரு துறையே வகுத்திருக்கிறது.

வடமொழி மருத்துவ நூலான சுசுருத சம்கிதையிலும் இதை ஒத்த வீடு ஒன்று உண்டு. புண்பட்டவர் தங்கும் அறைக்காக அந்த நூல் தனி அத்தியாயம் ஒதுக்குகிறது. அறை தூய்மையாக இருக்க வேண்டும். காற்றும் வெயிலும் நேராகத் தாக்கக் கூடாது. நோயாளி நகத்தையும் முடியையும் குறைத்து, வெண்ணிற ஆடை உடுத்த வேண்டும். பகலில் தூங்கக் கூடாது. நண்பர்கள் அருகிலிருந்து நல்ல கதைகள் சொல்லி வலியை மறக்கச் செய்ய வேண்டும். கடுகு, வேப்பிலை, நெய், உப்பு ஆகியவற்றைக் கொண்டு நாளுக்கு இருமுறை, பத்து நாள் புகையிட வேண்டும். வேம்பு, கடுகு, புகை, மனத்துக்கு இதமான ஒலி என்று இரு மரபுகளும் சந்திக்கும் இடங்கள் பல. இரண்டுமே காரணத்தைப் பேய்களோடு சேர்த்துச் சொன்னாலும், செய்த காரியங்களில் பயன் இருந்தது. புகை ஈயை விரட்டும். காவலுக்கு ஆள் இருந்தால் நோயாளி எழுந்து வேலைக்குப் போக மாட்டார்.

தையலும் கட்டும் அக்காலத்திலேயே தெரிந்தவை. பதிற்றுப்பத்தின் 42ஆம் பாட்டில் பரணர், செங்குட்டுவனின் வீரர்களுடைய மார்பு வடுக்களைப் பேசும்போது, புண்ணைத் தைத்த நீண்ட வெள்ளூசி சதைக்குள் இறங்கி ஏறுவதை மீன்கொத்தி குளத்தில் பாய்ந்து எழுவதற்கு ஒப்பிடுகிறார். தைப்பதை நேரில் பார்த்தவருக்குத்தான் அப்படி ஓர் உவமை கிடைக்கும். சுசுருத சம்கிதை பதினான்கு வகைக் கட்டுகளைச் சொல்கிறது. அவற்றுள் உறை வடிவில் சுற்றும் ‘கோசம்’ என்ற கட்டைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல் கணுக்களுக்கும் உரியதாகப் பிரித்துக் காட்டுகிறது. விரலுக்குத் தனிக் கட்டு வேண்டும் என்பதை அந்த மருத்துவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

போர்ப் புண்ணுக்குப் பாட்டு கிடைத்தது. கதிர் அறுத்தவரின் விரல் வெட்டுக்கு அது கிடைக்கவில்லை. ஊரில் சிறு அறுவையும் கட்டும் செய்தவர்கள் பெரும்பாலும் சவரத் தொழிலாளர் சமூகத்தினர். மருத்துவர் என்றே அழைக்கப்பட்ட அந்தக் குடும்பங்களில் ஆண்கள் கட்டியும் கீறியும் வைத்தியம் செய்தார்கள். பெண்கள் பேறு பார்த்தார்கள். ஆறாத புண்ணுக்குச் சித்த வைத்தியம் ஊமத்தை இலைச் சாறு, தேங்காயெண்ணெய், துருசு சேர்த்துக் காய்ச்சிய மத்தன் தைலத்தைத் தந்தது. அது இன்றும் சித்த மருத்துவமனைகளில் புழக்கத்தில் உள்ளது.

அடுக்களையும் வேலியோரமும்

இரத்தம் சொட்டும் விரலோடு வைத்தியரைத் தேடிப் போக நேரமில்லை. எட்டும் தூரத்தில் இருந்ததுதான் மருந்து. எந்தப் பொருள் வீட்டுக்குள் எப்போது வந்தது என்பதையே இந்த மருந்துப் பட்டியல் காட்டும். அஞ்சறைப் பெட்டியில் இருந்து மஞ்சள்தூள் வந்தது. வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு. கூரை மூலையிலிருந்து சிலந்தி வலை. அரிக்கேன் விளக்கு பரவிய பிறகு மண்ணெண்ணெய் சேர்ந்தது. காப்பி குடிக்கும் பழக்கம் 20ஆம் நூற்றாண்டில் வீடு வீடாக நுழைந்தபோது காப்பித்தூளும் காய மருந்தாயிற்று.

இவற்றின் வேலை ஒரே மாதிரியானதல்ல. காப்பித்தூளும் சர்க்கரையும் ஈரத்தை உறிஞ்சி இரத்தம் உறைய ஒரு தளம் தந்தன. சிலந்தி வலையும் அப்படியே. சுண்ணாம்பு காரம் மிகுந்தது. இரத்தத்தை நிறுத்துவதோடு நல்ல சதையையும் பொசுக்கும். மண்ணெண்ணெயும் எரிச்சலூட்டித் தோலைக் கெடுக்கும். உண்மையில் பெரும்பாலான விரல்களில் இரத்தத்தை நிறுத்தியது, மருந்தை வைத்து அதன்மேல் இறுக்கிச் சுற்றிய பழந்துணியின் அழுத்தம். பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் சாதாரண விரல் வெட்டில் இரத்தம் நின்றுவிடும். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தினால் அது இன்னும் எளிது.

வயலில் இருந்தவருக்கு வேலியோரச் செடி உதவியது. வெட்டுக்காயப்பூண்டு, கிணற்றடிப்பூண்டு, தாத்தாப்பூச் செடி என்று ஊருக்கொரு பெயர் பெற்ற செடி அது. வெளிர்மஞ்சள் பூவும், பல்வெட்டு விளிம்புள்ள, சொரசொரப்பான இலையும் கொண்டது. இலையைப் பறித்து உள்ளங்கையில் கசக்கி, வரும் பச்சைச் சாற்றைக் காயத்தில் பிழிந்து, சக்கையை மேலே வைத்துக் கட்டுவார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த மருந்தாக மதிக்கப்படும் இந்தச் செடியின் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. கொலம்பசுக்குப் பிந்தைய கடல் வழிகளில்தான் இது ஆசியாவுக்கு வந்திருக்க முடியும். புதிதாக வந்த களையைக் கவனித்து, பயன் கண்டு, பெயரிட்டு, மருந்தாக்கிக் கொண்டவர்கள் தமிழ் உழவர்கள். எழுத்தறியாதவர்களின் அந்தக் கூர்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பின்னாளைய ஆய்வகங்கள் இந்த இலைச் சாற்றை விலங்குகளின் புண்களில் வைத்துச் சோதித்துப் பார்த்தன.

மஞ்சளின் கதை நீதிமன்றச் சாயல் கொண்டது. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995 மார்ச்சில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இந்திய அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். 1996இல் அதை எதிர்த்தது. வீட்டுக்கு வீடு தெரிந்த செய்தியைக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. பழைய நூல்களும், 1953இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த கட்டுரையும் சான்றாக வைக்கப்பட்டன. 1997 ஆகஸ்டில் காப்புரிமை நீக்கப்பட்டது. வழிவழியாக வந்த அறிவை முன்வைத்து வளரும் நாடு ஒன்று அமெரிக்கக் காப்புரிமையை வீழ்த்திய முன்னோடி வழக்காக அது பேசப்படுகிறது.

சீழும் ஜன்னியும்

சிறு காயம் உயிரைக் குடிக்கும் என்ற அச்சம் வீணானதல்ல. 1847இல் வியன்னாவில் பிணக்கூறாய்வின்போது மாணவர் ஒருவரின் கத்தி பேராசிரியர் யாக்கோப் கொலெட்ச்காவின் விரலில் பட்டது. அவர் நஞ்சேறி இறந்தார். பிரசவ விடுதிகளில் தாய்மாரைக் கொன்ற காய்ச்சலும் இதுவும் ஒன்றே என்று அவருடைய நண்பர் செம்மல்வைஸ் கண்டுகொண்டதும், மருத்துவர்கள் கை கழுவ வேண்டும் என்று அவர் போராடியதும் அந்த விரல் காயத்தில் தொடங்கியவை. 1865 முதல் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் காயங்களைக் கார்பாலிக் அமிலத்தால் நனைத்துச் சீழைத் தடுத்தார். 1867இல் முடிவுகளை வெளியிட்டார்.

உழவர் வீடுகளின் தனிப் பகை ரணஜன்னி. மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமியின் வித்துகள் ஆழமான வெட்டுக்குள் போய், காற்றில்லாத இடத்தில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். தாடை இறுகும், உடல் வில்லாக வளையும். காயம் ஆறிவிட்டதுபோல் தோன்றும் நாளில்கூட அது வரலாம். மஞ்சளும் இலைச் சாறும் இதைத் தடுக்கவில்லை. மண்ணையோ சாணத்தையோ அப்பியவர்களுக்கு ஆபத்து கூடியது. 1889இல் நுண்ணுயிர் ஆய்வாளர் கிட்டசாட்டோ இந்தக் கிருமியைத் தனியாக வளர்த்தார். அடுத்த ஆண்டு அவரும் சக ஆய்வாளர் பெரிங்கும் நஞ்சு முறிக்கும் ஊநீரைக் கண்டறிந்தார்கள். 1924இல் தடுப்பூசிக்கான நஞ்சொழித்த மருந்து உருவானது. இந்தியா 1978இல் தடுப்பூசித் திட்டத்தை விரிவாகத் தொடங்கி, குழந்தைகளுக்கு முத்தடுப்பு ஊசி போட்டது. நீலகிரியில் 1907இல் நிறுவப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிறுவனம் அந்த ஊசி மருந்தைத் தயாரித்த கூடங்களில் ஒன்று. ‘துருப்பிடித்த இரும்பு குத்தினால் ஊசி போடு’ என்ற பேச்சு ஊர்களில் வேரூன்றியது. துருவைவிட அதில் ஒட்டிய மண்ணே காரணம் என்றாலும், அந்தப் பேச்சு பல உயிர்களைக் காத்தது.

மருந்துப் பெட்டி வந்த பிறகு

20ஆம் நூற்றாண்டின் நடுவில் நகர வீடுகளில் ஒரு சிறு பெட்டி இடம்பிடித்தது. எரியும் டிஞ்சர் அயோடின், சிவப்புச் சாயம் பூசியதுபோல் தெரியும் மெர்குரோகுரோம், ஊதா நிற ஜென்ஷன் வயலட், தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் டெட்டால், பஞ்சு, கட்டுத்துணி ஆகியவை அதில் இருந்தன. பள்ளிக்கூடங்களில் முழங்கால் சிராய்ப்புக்கும் விரல் வெட்டுக்கும் ஒரே சிவப்பு மருந்துதான். மெர்குரோகுரோமில் பாதரசம் இருப்பதால் பல நாடுகள் பிற்பாடு அதைக் கைவிட்டன. அயோடினின் எரிச்சலைக் குறைத்து 1950களில் வந்த போவிடோன் அயோடின் அந்த இடத்தைப் பிடித்தது.

விரல் வெட்டுக்கென்றே பிறந்த கட்டு பேண்ட்-எய்ட். அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்துக்குப் பருத்தி வாங்கும் வேலையில் இருந்த ஏர்ல் டிக்சன், சமையலில் அடிக்கடி விரலை வெட்டிக்கொண்ட மனைவி ஜோசஃபினுக்காக 1920இல் அதை உருவாக்கினார். ஒட்டும் நாடாவை விரித்து, நடுவில் இடைவெளி விட்டுச் சிறு துணித் துண்டுகளை வைத்து, ஒட்டாத துணியால் மூடிச் சுருட்டி வைத்தார். வெட்டிக்கொண்டவர் இன்னொருவர் உதவியில்லாமல், ஒரே கையால், தானே கட்டிக்கொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. விரல் மடங்கும்போது நழுவாத கட்டாகவும் அது இருந்தது.

பெட்டி மாறினாலும் ஒரு நம்பிக்கை மாறவில்லை: புண்ணைத் திறந்து போட்டால் காய்ந்து சீக்கிரம் ஆறும் என்பது. 1962இல் ஆய்வாளர் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் மேலோட்டமான காயங்களில் பாதியைப் பிளாஸ்டிக் தாளால் மூடியும் பாதியைத் திறந்தும் விட்டுப் பார்த்தார். மூடியவற்றில் புதுத் தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காய்ந்த பொருக்கு புதுத் தோலுக்குத் தடையாகிறது. அளவான ஈரம் அதற்கு வழிவிடுகிறது. 1974இல் இங்கிலாந்தில் சிந்தியா இல்லிங்வொர்த், கதவிடுக்கில் நசுங்கி நுனி போன குழந்தை விரல்களைத் தைக்காமல் கட்டி வைத்தபோது, நகமும் சதையும் திரும்ப வளர்ந்ததைப் பதிவு செய்தார். நுனி விரலின் ஆறும் ஆற்றல் எவ்வளவு பெரிது என்பதை மருத்துவ உலகம் அப்போது கவனித்தது.

பத்தியம்

விரலில் வெட்டுப்பட்டவருக்குத் தமிழ் வீடுகள் தட்டையும் மாற்றின. கத்தரிக்காய், கருவாடு, புளி, எலுமிச்சை முதலியவற்றை விலக்கினார்கள். உண்டால் புண் சீழ் வைக்கும் என்பது நம்பிக்கை. அரிப்பைத் தூண்டும் உணவை விலக்கியதில் சிலருக்குப் பயன் இருந்திருக்கலாம். புளிப்பை முழுக்க விலக்கியதில் நட்டமும் இருந்தது. 1939-40இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் கிராண்டன் மாதக்கணக்கில் வைட்டமின் சி இல்லாத உணவையே உண்டு தன்னுடம்பிலேயே சோதனை செய்தார். மூன்று மாதம் கழித்துக் கீறிய காயம் ஆறியது; ஆறு மாதம் கழித்துக் கீறியது ஆறவில்லை. வைட்டமின் சி கொடுத்ததும் ஆறத் தொடங்கியது. காயத்தைப் பிணைக்கும் கொலாஜன் நாருக்கு அந்தச் சத்து கட்டாயம். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றோடு பருப்பு, முட்டை, மீன் போன்ற புரத உணவும் சேர்ந்தால்தான் உடல் புதுச் சதையைக் கட்ட முடியும்.

அசைவைக் கற்ற வீடு

விரலின் உட்புறத்தில் தோலுக்குச் சற்றுக் கீழே, இறுகிய குழல்களுக்குள், விரலை மடக்கும் தசைநாண்கள் ஓடுகின்றன. இருபக்கமும் நரம்பும் இரத்தக் குழாயும் உண்டு. அரிவாள்மனை வெட்டு வெளியே சிறு கோடாகத் தெரிந்தாலும் உள்ளே தசைநாணை அறுத்திருக்கலாம். நுனிக்கணுவை மடக்க முடியாவிட்டாலோ, நுனி மரத்துப் போயிருந்தாலோ, அது வீட்டு மருந்தின் எல்லையைத் தாண்டிய காயம். பழைய ஊர்களில் மடங்காத, விறைத்த விரலோடு பலர் வாழ்ந்ததற்கு இத்தகைய வெட்டுகள் காரணம்.

மருத்துவமனைகளிலும் இது நெடுங்காலம் தீராத சிக்கல். அமெரிக்கக் கை அறுவை முன்னோடி ஸ்டெர்லிங் பன்னல், உள்ளங்கையில் விரல்களுக்கு அருகிலுள்ள கோட்டிலிருந்து விரலின் நடுக்கணு வரையிலான பகுதியை யாரும் நுழையக் கூடாத நிலம் என்றார். அங்கே அறுந்த தசைநாணை உடனே தைத்தால் குழலோடு ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துவிடும். ஆகவே தோலை மட்டும் மூடிவிட்டுப் பின்னர் வேறு தசைநாணை ஒட்டவைக்க வேண்டும் என்பது விதி. 1967இல் லூயிவில் நகரின் ஹெரால்டு கிளைனெர்ட் குழு அந்த விதியை மாற்றியது. அவர்கள் உடனே தைத்தார்கள். பிறகு விரல் நகத்தில் ரப்பர் பேண்டைக் கட்டி மணிக்கட்டோடு இணைத்தார்கள். நோயாளி விரலைத் தானே நீட்டுவார். ரப்பர் அதை மடக்கிவிடும். தையலுக்குச் சுமை ஏறாமல் தசைநாண் குழலுக்குள் வழுக்கிக்கொண்டே இருக்கும். 1975இல் டுரானும் ஹவுசரும், மற்றக் கையால் விரலை மில்லிமீட்டர் கணக்கில் அசைக்கும் முறையைச் சொன்னார்கள். இந்தப் பயிற்சி நடக்கும் இடம் வீடு. ‘அசைக்காதே’ என்ற பழைய அறிவுரையின் இடத்தில், விழித்திருக்கும்போது மணிக்கு மணி சொன்ன அளவுக்கு அசைக்க வேண்டும் என்ற கட்டளை வந்தது.

கை அறுவையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் முடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் மீட்டார். நோய் விரலை அழுகச் செய்வதில்லை. வலி தெரியாததால் பட்ட காயத்தோடு தொடர்ந்து வேலை செய்வதே விரலை அழிக்கிறது என்று அவர் காட்டினார். நாள்தோறும் கையைப் பார்த்துச் சிறு காயத்தையும் ஓய்வில் வைக்க நோயாளிகளுக்குக் கற்பித்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் இரா. வெங்கடசாமி 1971இல் கை அறுவைக்குத் தனிப் பிரிவு தொடங்கினார். பட்டறையிலும் வயலிலும் விரல் சிதைந்த ஏழைத் தொழிலாளர்களுக்கு அது புகலிடமாயிற்று.

ஓய்வுக்கு விலை

விரல் தையல் பிரிக்கப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். தசைநாண் உறுதிப்பட ஏறத்தாழ பன்னிரண்டு வாரம் வேண்டும். அறுந்து தைக்கப்பட்ட நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். இத்தனை நாள் வேலையின்றி இருக்கக் கூலிக்காரரால் முடியாது. பாதி ஆறிய விரலோடு வேலைக்குத் திரும்பிக் காயம் பிளந்தவர்கள் ஏராளம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இதைக் கணக்கில் எடுத்தது. பிற்பாடு திருத்தப்பட்ட அதன் அட்டவணை ஒவ்வொரு விரலையும் மதிப்பிட்டது: கட்டைவிரல் போனால் உழைப்புத் திறனில் 30 விழுக்காடு இழப்பு, ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டுவிரலுக்கோ 7. 1948இல் வந்த தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம், ஆலைத் தொழிலாளிக்கு ஆறும் காலத்துக்கான பணத்தையும் மருத்துவத்தையும் தந்தது. தமிழ்நாட்டில் 1955இல் கோவையில் அது நடைமுறைக்கு வந்தது.

தன் அடுக்களையில் விரலை வெட்டிக்கொண்ட பெண் இந்தச் சட்டங்கள் எதிலும் இல்லை. கையை நனைக்கக் கூடாது என்ற அறிவுரை, பாத்திரமும் துணியும் அரிசியும் கழுவுபவருக்கு நிறைவேற்றக் கடினமானது. அவருக்கு ஓய்வு கிடைப்பதும் கிடைக்காததும் வீட்டிலுள்ள மற்றவர்கள் வேலையைப் பகிர்ந்துகொள்வதைப் பொறுத்தது.

இன்றைய வீட்டுக் கவனிப்பு இந்த எல்லா அடுக்குகளிலிருந்தும் தேறியதை வைத்துக்கொண்டுள்ளது. ஓடும் தண்ணீரில் கழுவி, தூய துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைப்பது முதல் வேலை. இரத்தம் நிற்காவிட்டாலோ, விரல் மடங்காவிட்டாலோ, மரத்திருந்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். துண்டான விரல் நுனியை ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பனிக்கட்டி நேரே படாமல், பனிக்கட்டி உள்ள இன்னொரு பையில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். தடுப்பூசிக் கணக்கைப் பார்க்க வேண்டும். வீடு திரும்பியதும் கட்டு உலர்ந்து, சுத்தமாக இருக்க வேண்டும். மோதிரம் கழற்றியிருக்க வேண்டும். வீக்கம், சீழ், காய்ச்சல், விரலை நீட்டும்போது தாங்காத வலி ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சொல்லிக்கொடுத்த பயிற்சியை நாள் தவறாமல் செய்ய வேண்டும். வயிறார உண்ண வேண்டும். ஆறும்வரை வேலையிலிருந்து விலக்கும் வேண்டும். முன்னவை நோயாளியின் பொறுப்பு. கடைசியாகச் சொன்ன விலக்கு, கூட இருப்பவர்களும் வேலை கொடுப்பவர்களும் தர வேண்டியது.